கிறீஸ் போடாத சில்லு

வலது கையில் நிப்பிள் சாவி இருந்தது. இடது கை, சுற்றிக்கொண்டிருந்த சைக்கிள் சில்லின் ஓரத்துக்கு நூலளவு தள்ளி, ஒரு வெண்கட்டித் துண்டை அசையாமல் பிடித்திருந்தது. றிம் எங்கே வெளியே தள்ளியிருந்ததோ அந்த இடம் மட்டும் வெண்கட்டியில் உரசி, வெள்ளைக் கீறல் ஒன்றை வாங்கிக்கொண்டு போனது. கைகள் சில்லை நிறுத்தின. கீறல் விழுந்த இடத்தில் ஒரு பக்கத்துக் கம்பியைக் கால் சுற்று தளர்த்தின. எதிர்ப் பக்கத்துக் கம்பியை அதே அளவுக்கு இறுக்கின. ஒன்றை மட்டும் இறுக்கி மற்றதை விட்டுவிட்டால் கோணல் போகும், வட்டம் கெட்டுவிடும். கீறலைத் துணியால் துடைத்துவிட்டுக் கைகள் சில்லை மறுபடி சுற்றிவிட்டன. இந்த முறை கீறல் முன்னதைவிட நீளமாகவும் மங்கலாகவும் விழுந்தது. அது நல்ல அடையாளம்.

பெண்ணின் கைகள் அவை. நகக்கண்களில் ஏறிய கறுப்பு எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாத கறுப்பு. உள்ளங்கையில் சாவி அழுத்தும் இடத்தில் காய்ப்பு. முன்னால் தலைகீழாக நின்ற பெண்கள் சைக்கிளின் சட்டம் ஏற்கெனவே நிமிர்த்தப்பட்டு, வளைந்திருந்த இடத்தில் பெயின்ற் உரிந்து இரும்பு தெரிந்தது. கரியரில் ஒரு பலகைப் பெட்டி இருந்ததற்கு ஆணித் துளைகள் மட்டுமே மிச்சம். பெட்டியையும் அதிலிருந்த தயிர்ச் சட்டிகளையும் லொறி ஒன்று தெருவோடு தெருவாக அரைத்துவிட்டது.

செட்டிபாளையத்தில் பிரதான வீதியோரம் இருந்த அந்தக் கடையை ஊர் ‘இராசதுரையின் கடை’ என்றுதான் சொன்னது. தொண்ணூறாம் ஆண்டிலிருந்து அங்கே இராசதுரை இல்லை. வேலை செய்தவள் அவன் மனைவி புஸ்பம். யாராவது ‘புஸ்பத்தின் கடை’ என்று சொன்னால் அவள் திருத்துவாள். கோபமாக அல்ல, கம்பி ஒன்றை நிமிர்த்துவதுபோலத் திருத்துவாள்.

ஊருக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. நடுவே ஒடுக்கமான மண். வடக்கே மட்டக்களப்புக்கும் தெற்கே களுவாஞ்சிக்குடிக்கும் போக ஒரே தெரு. ஊரின் வடக்கு எல்லையில், மண் நிரப்பிய தார்ப் பீப்பாய்களை மாற்றி மாற்றி வைத்து அந்தத் தெருவில் ஆமிக்காரர்கள் ஒரு சென்றி, சோதனைக் காவல், போட்டிருந்தார்கள். பஸ்ஸில் வருகிறவர்கள் இறங்கி நடந்து மறுபக்கத்தில் ஏறவேண்டும். சைக்கிளில் வருகிறவர்கள் தூரத்திலேயே இறங்கி உருட்டவேண்டும். பொழுதுபடப் பீப்பாய்களுக்கு நடுவே முள்ளுக்கம்பி இழுக்கப்படும். பிறகு விடியும்வரை இந்தப் பக்கத்தில் நிற்பவர் இந்தப் பக்கம், அந்தப் பக்கத்தில் நிற்பவர் அந்தப் பக்கம். வாவியைத் தோணியில் கடந்து படுவான்கரைக்குப் போகலாம்தான். போய்வந்தவரிடம் ஏன் போனாய் என்று கேட்பார்கள்.

முள்ளுக்கம்பி விழுமுன் தாண்டிவிட வேண்டும் என்று பின்னேரங்களில் லொறிகளும் பஸ்களும் பறந்தன. தெரு அகலமில்லை. ஓரமெல்லாம் மணல். மணலில் இறங்கினால் சைக்கிள் புதைந்து ஆளைச் சரிக்கும். தாரில் நின்றால் பின்னால் வருவது தட்டும். இப்படி அந்த வீதியில் ஒவ்வொருவராக அடிபட்டார்கள். சிலர் செத்தார்கள், சிலர் முடமானார்கள். வேறு விதங்களில் செத்தவர்களுக்கே வாய்விட்டு அழ முடியாத காலம் அது. சைக்கிளில் போய் அடிபட்டவரைப் பற்றி ஊர் ஒரு நாள் கதைக்கும். மறுநாள் கதைக்க வேறொன்று இருக்கும். அவர்களுடைய சைக்கிள்கள் மட்டும் புஸ்பத்திடம் வந்து சேர்ந்தன.

அந்தக் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆளை விழுத்திய சைக்கிளைத் திருத்தினால் அதை விழுந்தவரின் கையிலேதான் கொடுப்பது. தம்பி வந்தாலும் தகப்பன் வந்தாலும் கொடுப்பதில்லை. விழுந்தவர் வந்து கைப்பிடியைப் பிடிப்பார். திருத்தியவர் பின்னால் கரியரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். “விடு” என்று அவர் சொன்ன பிறகுதான் கையை எடுப்பது. விழுந்த பயம் சைக்கிளில் பாதி, ஆளில் பாதி இருக்கும் என்பது இராசதுரையின் கணக்கு. இரண்டையும் ஒன்றாக நிறுத்திப் பார்க்காமல் வேலை முடிந்ததென்று சொல்லக்கூடாது. செத்தவர்களின் சைக்கிள்களைப் புஸ்பம் திருத்தி வைத்தாள். ஒருவரும் கேட்டு வராவிட்டால் அவை பின்சுவரில் சாய்ந்து நின்றன.

இராசதுரை இருந்தபோது அவள் கடைக்குத் தேநீர் கொண்டுவருவாள், அவ்வளவுதான். அவன் இல்லாமல் போன முதல் மாதத்தில் யாரோ ஒருவர் கோணல் சில்லு ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கடை பூட்டியதைக் கவனியாமல் போய்விட்டார். அதைத் திருத்தத் தெரியாமல் புஸ்பம் நல்ல சில்லு ஒன்றை எடுத்துக் கம்பி கம்பியாக அவிழ்த்தாள். எந்தக் கம்பி எதன்மேல் ஏறி எதன்கீழ் போகிறது என்று பார்த்துப் பார்த்துத் திரும்பக் கோர்த்தாள். பிழையாகிப்போனது. மறுபடி அவிழ்த்தாள். சரிவந்த நாளில், கம்பிகளை நகத்தால் சுண்டிப் பார்த்தபோது எல்லாம் ஒரே குரலில் பேசின. அதற்குப் பிறகு அவள் காதால்தான் வேலை செய்தாள்.

அந்தக் காதுக்கு ஒரு சத்தம் மட்டும் ஆகாது.

பின்சில்லின் நடுவே பல்லுச் சக்கரத்துக்குள் பிறீவீல் என்ற பொறி இருக்கிறது. மிதித்தால் பிடிக்கும், மிதிக்காவிட்டால் விடும். விடும்போது உள்ளே இருக்கும் சின்ன நாக்குகள் பற்களில் தட்டித் தட்டி ‘டிக் டிக்’ என்று ஒலிக்கும். ஓடும்போது காற்றில் அது பெரிதாகக் கேட்காது. இறங்கி உருட்டினால் அடிக்கு அடி கேட்கும்.

தொண்ணூறில் ஒரு நாள் இராசதுரை அவளைக் கரியரில் ஏற்றிக்கொண்டு கல்லடியில் இருந்த தமக்கை வீட்டுக்குப் புறப்பட்டான். சென்றியில் இறங்கி உருட்டினார்கள். சிப்பாய்கள் அவனைத் தங்கள் கொட்டிலுக்குள் வரச் சொன்னார்கள். “பிடிச்சிக்கொள்ளு, வாறன்” என்று சைக்கிளை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அவள் பிடித்துக்கொண்டு நின்றாள். முள்ளுக்கம்பி இழுக்கும் நேரம் வந்ததும் அவளைப் போகச் சொன்னார்கள். அவளுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. வீடுவரை உருட்டிக்கொண்டு வந்தாள். பின்னாலிருந்து அந்தச் சத்தம் அவளோடு வந்தது, யாரோ கூட நடப்பதுபோல. திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை.

பிறகு அவனைத் தேடி அவள் போகாத அலுவலகமில்லை, எழுதிக் கொடுக்காத மனு இல்லை, தெற்கே போய்ச் செய்யக்கூடியவற்றுள். வடக்கே மட்டும் போகவில்லை. அந்தப் பீப்பாய்களைக் கண்டால் கால் நின்றுவிடும். இரண்டு முறை முயன்று, பாதி வழியில் தெருவோரம் குந்தியிருந்துவிட்டுத் திரும்பி வந்தாள். சாமான்கள் அவளைத் தேடி வந்தன, ஆட்கள் அவளைத் தேடி வந்தார்கள். அவள் உலகம் வடக்கே ஒரு கூப்பிடு தூரத்தில் முடிந்துவிட்டது.

தன் கைக்கு வந்த ஒவ்வொரு பிறீவீலையும் பிரித்து, கிறீஸை அமுக்கி அடைத்தாள். அளவு மிஞ்சினால் நாக்குகள் ஒட்டிக்கொள்ளும், மிதி வழுக்கும். குறைந்தால் சத்தம் வரும். அந்த அளவு அவள் விரலுக்குப் பழகியிருந்தது. புஸ்பம் தொட்ட சைக்கிள் சத்தம் போடாது என்று ஊர் பெருமையாகச் சொன்னது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நல்ல வேலைக்குக் காரணம் கேட்பார்களா?

கேட்டவள் பாலசுந்தரி ஒருத்திதான். சென்றிக்கு அந்தப் பக்கம் குருக்கள்மடத்தில் அவள் வீடு. படுவான்கரையிலிருந்து தோணியில் வரும் எருமைத் தயிரைச் சைக்கிளில் வைத்து ஊர் ஊராக விற்றாள். வீடுகளுக்கு நடுவே ஒழுங்கைகளில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவாள். அந்த டிக் டிக் கேட்டுப் பெண்கள் வேலிப் படலைக்கு வருவார்கள். புஸ்பம் ஒரு முறை அவளுடைய பின்சில்லுக்குக் கிறீஸ் அடைத்துக் கொடுத்த பிறகு, தொண்டை கட்டும்வரை “தயிர், தயிர்” என்று கத்தவேண்டி வந்தது. கடைவாசலில் வந்து நின்று ஏசிவிட்டு, மண்ணெண்ணெய் வாங்கித் தானே கழுவி, சத்தத்தைத் திரும்ப வரவைத்துக்கொண்டாள்.

அவளைத்தான் சென்றி மூடும் நேரத்தில் நெல் லொறி ஒன்று தட்டியது. இடுப்பும் இடது காலும் போயின. மாதக்கணக்கில் ஆசுபத்திரியில் கிடந்து, ஊன்றுகட்டையோடு வீட்டுக்கு வந்தாள். சைக்கிளை யாரோ இந்தப் பக்கம் இழுத்துக் கடைவாசலில் போட்டிருந்தார்கள்.

இரண்டு பக்கத்துக்கும் தினமும் போய்வந்தவர் காத்தான்குடி மீன் வியாபாரி ஹலீம். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோலப் புஸ்பமும் அவரை ‘நானா’ என்பாள். செட்டிபாளையம் கரைவலையில் மீன் எடுக்க வருவார். அன்று கரியரில் மீன்பெட்டியோடு கடைமுன் வந்து ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“தங்கச்சி, அந்தப் பக்கத்துலரிந்து ஏச்சு வந்திரிக்கி. இறக்கவா, அப்பிடியே திருப்பிக் கொண்டு போகவா?”

“இறக்குங்க நானா. பழுதாப் போகாம ஐஸ் போட்டா கொண்டந்தீங்க?”

“ஐஸ் உருகித் தண்ணியாப் போச்சி, ஏச்சு இன்னும் சூடாத்தான் இரிக்கி. என்ட சைக்கிள இன்னும் எத்தன நாளைக்கு வெச்சிக் கும்பிடப் போறாள் எண்டு கேட்டுட்டு வரட்டாம்.”

புஸ்பம் சில்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அவக்கு இனி ஓட ஏலாதே நானா.”

“அதத்தான் நானும் செல்லினன். ‘ஓட ஏலாட்டி உருட்டுவன். கட்டைய ஊண்டிக்கொண்டு தயிர்ச்சட்டி தூக்க ஏலுமா? சைக்கிளப் புடிச்சா அது என்னையும் தாங்கும், சட்டியையும் தாங்கும்’ எண்டு செல்லுறா.” அவர் மடியிலிருந்து மீன் கோர்க்கும் நூல் ஒன்றை எடுத்தார். அதில் ஒரு முடிச்சு இருந்தது. “நிலத்துலரிந்து இந்த முடிச்சு வரைக்கும் கைப்பிடி வரணுமாம். சாய்ஞ்சி நடக்க.”

புஸ்பம் நூலை வாங்கிச் சட்டத்தோடு வைத்துப் பார்த்தாள். கைப்பிடியை நன்றாக உயர்த்தவேண்டும்.

“இன்னும் ரெண்டு இரிக்கி,” என்றார் ஹலீம். “கிறீஸ் போட்டு அதுட வாயக் கட்டப்படாதாம். மறுகா, ஆருக்கிட்டயும் குடுத்து உடப்படாதாம். நீங்களே கொண்டந்து கையில குடுக்கணுமாம், கடை வழக்கப்படி. நான் கொண்டு வாறன் எண்டதுக்கு, ‘ஒன்னை நம்பி மீனையே ஒருத்தனும் குடுக்கமாட்டான்’ எண்டு செல்லுறா.”

“அவ இஞ்சால வரட்டும். வழக்கம் அதுதானே.”

“பஸ்ஸுல வந்தாலும் சென்றியில இறங்கி அம்மாந்தூரம் நடக்கணும். ஏலுமா? அவவே செல்லிட்டா. ‘எனக்கு நடக்க ஏலாது, புஸ்பத்துக்கு சென்றி தாண்ட ஏலாது. ரெண்டு நொண்டிக்கும் ஒரு சைக்கிள் போதும்’ எண்டு.”

புஸ்பத்தின் கையில் சாவி நின்றது. ஹலீம் தலை குனிந்து மீன்பெட்டியின் கயிற்றைச் சரிபார்த்தார். அது சரியாகத்தான் இருந்தது.

அந்த வாரம்தான் மாதர் சங்கத் தெய்வமணி கடைக்கு வந்தாள். பருத்த உடம்பு, நிற்காத வாய். அவள் மகனும் அந்த வீதியில் பஸ் தட்டிச் செத்தவன். வீதியில் அடிபட்டவர்களை நினைத்து ஒரு சைக்கிள் ஓட்டம், களுவாஞ்சிக்குடியிலிருந்து கல்லடிப் பாலம்வரை நடத்த அவள் அலைந்துகொண்டிருந்தாள். ஊர்வலத்துக்கு அனுமதி கிடையாது. கூட்டத்துக்குக் கிடையாது. சைக்கிளுக்கு எப்படியோ கிடைத்துவிட்டது.

“என்னென்ன செய்யக்கூடாது எண்டு கேளு கா,” என்று பட்டறைப் பலகையில் குந்தினாள். “கோசம் போடக்கூடாது. மணி அடிக்கக்கூடாது, அதால மணியக் கழட்டிப்போட்டு வரணும். வெள்ளைத் துணி கட்டக்கூடாது. எங்கயும் நிண்டு பூப் போடக்கூடாது. நல்ல காலம், சில்லு சுத்தலாம் எண்டு விட்டாங்க.”

“அப்ப என்னத்துக்கு ஓடுறீங்க?”

“சும்மாதான். ஓடினமெண்டு இரிக்கட்டுமே.” தெய்வமணி முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். “எல்லாருக்கும் சேத்து ஒரே கடதாசி. சென்றியில தலைய எண்ணிப்போட்டு விடுவாங்க, ஒராளையும் தனியக் கூப்பிடமாட்டாங்க. நீ அந்தப் பொம்பிளைட சைக்கிளக் கொண்டு எங்களோட வா.”

“எனக்கு ஓடத் தெரியா எண்டு உங்களுக்குத் தெரியும்தானே.”

“சைக்கிள் கடைக்காரிக்கு ஓடத் தெரியா எண்டு ஊருக்கே தெரியும். சென்றியில ஆர் ஓடுறா? எல்லாரும் இறங்கி உருட்டத்தானே வேணும்? அந்த இடத்தில நீயும் நாங்களும் ஒண்டுதான். அங்கால தாண்டி அவட கையில குடு.”

“திரும்பி?”

“போன தலையெல்லாம் பொழுதுபட முன்னம் திரும்பி வரணும் எண்டும் அதே கடதாசியில இரிக்கு. பயப்பிடாத, உன்னை அங்க வெச்சிரிக்க அவங்களுக்கும் விருப்பமில்ல.”

புஸ்பம் சைக்கிளின் பக்கம் திரும்பினாள். “அதுக்கு இன்னும் வேல இரிக்கு,” என்றாள்.

உண்மையில் ஒரே ஒரு வேலைதான் மிச்சம் இருந்தது. அதைத்தான் அவள் தள்ளிக்கொண்டு வந்தாள். பாலசுந்தரியின் பிறீவீல் லொறிச் சில்லுக்குள் அகப்பட்டு நசுங்கிவிட்டது. புதியது கடையில் இல்லை. பட்டணத்தில் தேடச் சொல்லி ஹலீமிடம் கேட்டாள்; அவர் வெறுங்கையோடு வந்தார். இரும்புச் சாமான் எதுவானாலும் வழியில் ஆயிரம் கேள்வி என்று கடைக்காரர்கள் எடுப்பதையே விட்டுவிட்டார்கள். பின்சுவரில் சாய்ந்து நின்ற செத்தவர்களின் சைக்கிள்களில் அவள் கைவைப்பதில்லை. உரியவர் வீட்டார் என்றைக்காவது வரலாம். வராவிட்டாலும், அவற்றுக்குள் எல்லாம் அவளே அடைத்த கிறீஸ்.

கிறீஸ் போடாதது ஒன்று இருந்தது. சுவரின் மேலே, இரண்டு கொழுக்கியில் இராசதுரையின் சைக்கிள் தொங்கியது. வெள்ளிக்கிழமைகளில் அவள் அதை இறக்குவாள், தூசி துடைப்பாள், காற்றடிப்பாள், மறுபடி தூக்கிவிடுவாள். சில்லு சுற்றாதபடி கயிற்றால் கட்டியிருந்தாள். அவன் வந்தால் அப்படியே ஏறி ஓடக்கூடிய நிலையில் அது இருந்தது. பிடித்துக்கொள் என்று அவன் சொன்னதை அவள் அந்த விதமாகச் செய்துகொண்டிருந்தாள்.

ஓட்டத்துக்கு முதல்நாள் முற்பகல் அவள் அதை இறக்கிக் கயிற்றை அவிழ்த்தாள். பின்சில்லைக் கழற்றினாள். இறுகிப்போன பிறீவீலைக் கையால் கழற்ற முடியாது. சாவியை உந்த உந்தப் பல் உடையும். சாவியைப் பட்டறைப் பலகையில் பூட்டிய வைஸ் இடுக்கியில் கவ்வவைத்து, சில்லை அதன்மேல் படுக்கவைத்து, சில்லைத்தான் திருப்பவேண்டும். றிம்மை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள். அசையவில்லை. வைஸின் தாடை அரைவாசி வழுகியது. இறுக்கிவிட்டு, நெஞ்சைச் சில்லின்மேல் அழுத்திக்கொண்டு திருப்பினாள். ‘டக்’ என்று விட்டது.

மீன் எடுத்துக்கொண்டு திரும்பிய ஹலீம் வாசலில் நின்று பார்த்தார். கழற்றிய சில்லையும் சில்லில்லாத சைக்கிளையும் பார்த்தார். வழமையான பகிடி வரவில்லை.

“தங்கச்சி, மறுகா அவர் வந்தாரெண்டா?”

“வந்தாரெண்டா வேற ஒண்டு போட்டுக் குடுப்பன் நானா,” என்றாள் புஸ்பம். “வரட்டுமே.”

அவள் பிறீவீலை மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டுக் கழுவினாள். பழைய எண்ணெய் காய்ந்து மண்ணிறப் பிசினாகக் கரைந்து வந்தது. துடைத்துத் தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி விட்டாள். கிறீஸ் டின் பக்கத்தில் திறந்தே இருந்தது. மூடினாள். பாலசுந்தரியின் பின்சில்லில் பூட்டிச் செயினை ஏற்றினாள். நூலின் முடிச்சுக்குக் கைப்பிடியை உயர்த்தினாள். பிறகு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கடைக்குள்ளே நாலடி உருட்டினாள்.

டிக். டிக். டிக்.

நின்றுவிட்டாள். சட்டத்தில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள்.

மறுநாள் காலை அவர்கள் வந்தார்கள். ஐம்பது அறுபது சைக்கிள்கள், இரண்டிரண்டாக. முன்னால் தெய்வமணி, மூச்சு வாங்க, கடதாசியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு. தந்தையைக் கொடுத்தவர்கள், மகளைக் கொடுத்தவர்கள், தாங்களே கையோ காலோ கொடுத்தவர்கள். வீதியில் அடிபடாமல் வேறு விதமாகப் போனவர்களின் ஆட்களும் இடையிடையே இருந்தார்கள். ஒருவரும் அவர்களை நீ ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. மணிகள் இருந்த இடத்தில் வெறும் வளையங்கள். எல்லாச் சைக்கிள்களும் என்றைக்கோ புஸ்பத்தின் கையால் போனவை. சத்தமே இல்லாமல் வந்தன. கண்ணை மூடினால் தெருவில் ஆளே இல்லை என்று தோன்றும்.

சென்றிக்கு முன்னால், கடைக்குச் சற்றுத் தெற்கே இருந்த அறிவித்தல் பலகையடியில் எல்லோரும் இறங்கினார்கள். புஸ்பம் கடைவாசலில் பாலசுந்தரியின் சைக்கிளோடு நின்றாள். வரிசை அவளைக் கடந்துகொண்டிருந்தது. முன்பக்கம் போய்விட்டது, நடுப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. வரிசையில் சேர்ந்து வந்த ஹலீம் தன் சைக்கிளை அவளருகே மெதுவாக்கி, தனக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கும் இடைவெளி விட்டார். கூப்பிடவில்லை.

அவள் அந்த இடைவெளிக்குள் இறங்கினாள்.

டிக், டிக் என்று தொடங்கியது. முன்னால் போனவர்கள் திரும்பினார்கள். அத்தனை சைக்கிளிலும் சத்தம் போடுவது அது ஒன்றுதான். அவள் தெருவின் தாரை மட்டும் பார்த்து நடந்தாள். பீப்பாய்கள் வந்தன. கால் நிற்கப் பார்த்தது. நின்றால் பின்னால் வருகிறவர் முட்டுவார். இரண்டு பக்கமும் முள்ளுக்கம்பி. முன்னால் ஆள், பின்னால் ஆள். எங்கும் போகமுடியாததால் கால் முன்னே போனது. கொட்டில் வலது பக்கம் வந்தது. கூரைத் தகரம் மாற்றியிருந்தார்கள். பக்கத்தில் கொடியில் யாரோ துவைத்த சாரம் காய்ந்தது. வாசலில் ஒரு வாளித் தண்ணீர். அவ்வளவுதான் இருந்தது.

“நில்லு!”

சிப்பாய் ஒருவன் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். வரிசை முழுவதும் நின்றது. சத்தமும் நின்றது.

“இது என்ன சத்தம்? உள்ளே என்ன?”

“ஒண்டுமில்ல. பிறீவீல்.”

அவன் குனிந்து பின்சில்லைப் பார்த்தான். கரியரைப் பிடித்துத் தூக்கிச் சில்லைக் கையால் சுற்றிவிட்டான். சில்லு ஆடாமல் கோணாமல் நேராகச் சுற்றியது. டிக் டிக் என்று விரைந்து, மெல்ல மெல்ல இடைவெளி கூடி, கடைசியாக ஒரு டிக் கேட்டு ஓய்ந்தது. அவன் மறுபடி ஒரு முறை சுற்றிவிட்டான். இம்முறை பார்க்கவில்லை, கேட்டுக்கொண்டு நின்றான்.

“கிறீஸ் போடு,” என்றான். “கிறீஸ் போட்டா சத்தம் இல்ல.”

“தெரியும்,” என்றாள் புஸ்பம். “போடமாட்டன்.”

பின்னால் ஹலீம் மூச்சை இழுத்தது அவளுக்குக் கேட்டது. தெய்வமணி கடதாசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னாலிருந்து ஓடிவர எத்தனித்தாள். சிப்பாய் அவள் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு வயது அதிகமில்லை. தொண்ணூறில் அவன் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பான். சைக்கிளைக் கீழே இறக்கினான்.

“ஹரி, யன்ன,” என்று சிங்களத்தில் சொல்லி, போகும்படி கையை அசைத்தான்.

கடைசிப் பீப்பாயைத் தாண்டியதும் மற்றவர்கள் ஏறி மிதித்தார்கள். வரிசை ஓசையில்லாமல் வடக்கே போய் மறைந்தது. தெய்வமணி மட்டும் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். புஸ்பம் நடந்தாள். இந்தப் பக்கத்தில் எல்லாம் அந்தப் பக்கத்தைப் போலத்தான் இருந்தது, அதே மணல், அதே ஒடுக்கம், ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. தூரத்தில் இன்னொரு சென்றியின் கொடி தெரிந்தது.

குருக்கள்மடத்தில் வீட்டுக்கு வெளியே, பூவரசு நிழலில் கதிரை போட்டுப் பாலசுந்தரி உட்கார்ந்திருந்தாள். உடம்பு பாதியாகியிருந்தது. வாய் ஆகவில்லை.

“ஆர் வாறது? சத்தம் கேட்டுத்தான் கதிரைய வெளிய போடச் சொன்னன். செத்துப்போன சைக்கிள் எண்டாங்க, உயிரோட வருது!”

“நீங்களும்தான் செத்துப்போன மாதிரி எண்டாங்க.”

“அடியே! தாண்டி வந்த உடனே வாய் வந்திட்டுதா உனக்கு?” பாலசுந்தரி ஊன்றுகட்டையை ஊன்றி எழுந்தாள். புஸ்பம் தாங்கப் போகவில்லை. சைக்கிளை நேராக நிறுத்திக்கொண்டு நின்றாள். “கைப்பிடி சரியாத்தான் இரிக்கு. சில்லு?”

“நேர்.”

“கிறீஸ்?”

“இல்ல.”

“இந்தச் சத்தம் என்டதில்லயே. இது வேற சத்தம்.” பாலசுந்தரி அவளைப் பார்த்தாள். “ஆருடது கா?”

புஸ்பம் கைப்பிடியை அவள் பக்கம் திருப்பினாள். பாலசுந்தரி மேலும் கேட்கவில்லை. ஊன்றுகட்டையைக் கதிரையில் சாய்த்துவிட்டு, ஒரு கையை, பிறகு மறுகையைக் கைப்பிடியில் வைத்தாள். உடம்பின் பாரத்தை மெல்ல மெல்லச் சைக்கிளுக்கு மாற்றினாள். சைக்கிள் சற்று மணலில் இறங்கி, நின்றது. புஸ்பம் பின்னால் போய்க் கரியரைப் பிடித்துக்கொண்டாள்.

பாலசுந்தரி ஓரடி வைத்தாள். டிக். வலித்திருக்கவேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு இன்னோரடி வைத்தாள். டிக், டிக். ஒழுங்கைப் பக்கம் திரும்பினாள். அங்கே ஒரு படலை திறந்து, யாரோ ஒரு பெண் எட்டிப்பார்த்தாள்.

“விடு கா,” என்றாள் பாலசுந்தரி, திரும்பிப் பாராமல்.

கரியரின் இரும்பு புஸ்பத்தின் காய்ப்பில் அழுந்தியிருந்தது.

“புஸ்பம். நான் புடிச்சிட்டன். விடு.”

புஸ்பம் கையை எடுத்தாள்.